தீவகத்தில் கடல்வழியும் தெருவழியும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் கடப்பது என்பது நெடுங்காலம் கடலைக் கடப்பதாகவே இருந்தது. ஒல்லாந்தர் வேலணைக்கு லெய்டன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டிய காலத்திலும், அத்தீவுகளுக்கிடையே தோணியே வழியாக இருந்தது. பின்னர் பண்ணைத் தாம்போதி, அதாவது ஆழம் குறைந்த கடலில் கல்லும் மண்ணும் நிரப்பி எழுப்பிய வீதி, யாழ் நகரை வேலணையோடு இணைத்தது. வேறொரு தாம்போதி வேலணையையும் புங்குடுதீவையும் பிணைத்தது.

இவ்வீதிகள் வண்டிகளின் தேவையை ஈடுசெய்தன. நடப்போருக்கு அவை விட்டுவைத்த இடமோ சொற்பம். களங்கண்டி வலை, அதாவது கழிகளை நட்டுக் கட்டும் நிலைவலை, இருபுறமும் நிற்கும் இத்தாம்போதிகளில், மீன்கூடையோடு வருபவர் பேருந்துக்கு ஒதுங்க வேண்டுமானால் அவருக்கு வீதி விளிம்பும் கடலுமே மிஞ்சும்.

நடப்போருக்கு இடம் தரும் முயற்சி பிற தெருக்களிலும் தேவைப்பட்டது: பிரித்தானியாவில் 1934இல் விளக்குக் கம்பங்களும் 1951இல் வரிக்கோடுகளும் நடப்போரின் கடக்கும் உரிமையைத் தெருவிலே குறித்தன. இலங்கையில் மஞ்சள் கடவை எனப்படும் பாதசாரிக் கடவை அம்மரபின் வழிவந்ததே. ஆயினும் கோடு வண்டியை நிறுத்துவதில்லை, சாரதியே நிறுத்துகிறார்; ஆகவே வேகத்தைக் குறைக்கும் மேடும், இரவில் வெளிச்சமும் இன்றிப் பூசப்படும் வர்ணம் அரைவேலையே. தீவகத்திலோ கடலைக் கடப்பதும் ஓயவில்லை: புங்குடுதீவின் குறிகட்டுவானில் வீதி முடிய, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் இன்றும் படகேறுகின்றனர்.