தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்

தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளையும் கருவிகளையும் மொத்தமாக வாங்கி வழங்கும் அரசு நிறுவனம். 1994இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் சென்னை. பொதுச்சேவையில் புத்தாக்கம் செயல்திறனை எப்படி மாற்றுகிறது என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று இது.

இங்கு புதுமை என்பது பெரும்பாலும் கணக்கு வைக்கும் முறைதான். அதற்கு எளிய உதாரணம் பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீடு ரூபாய்க் கணக்கில் பாஸ்புக்கில் வரவு வைக்கப்படும். வங்கியில் பணம் எடுப்பதுபோல, வேண்டிய மருந்தை வேண்டியபோது மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்; அதன் மதிப்பு வரவிலிருந்து கழியும். எதை எவ்வளவு எடுப்பது என்பதை மேலிடம் அல்ல, நோயாளியைப் பார்ப்பவரே முடிவு செய்கிறார். கிடங்குகளின் இருப்பு கணினியில் பதிவாவதால் எந்த மருந்து எங்கே குறைகிறது என்பது தலைமையகத்திற்குத் தெரியும்.

கொள்முதலைப் பொறுத்தவரை, அத்தியாவசிய மருந்துப் பட்டியலின்படி, வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து வாங்குவதால் விலை இறங்குகிறது. தரச் சோதனைக்கு அனுப்பும் மாதிரிகளில் தயாரிப்பாளர் பெயர் மறைக்கப்பட்டுக் குறியீட்டு எண் மட்டுமே இருக்கும். மாத்திரை அட்டைகளில் அரசு முத்திரை அச்சிடப்படுவதால் வெளியே விற்பது கடினம்.

கொள்முதல் தாமதமானால் மாநிலம் முழுவதுமே தவிக்கும் என்பது மையப்படுத்தலின் பலவீனம். அவசரத்துக்கு மருத்துவமனைகள் உள்ளூரிலேயே வாங்கச் சிறு ஒதுக்கீடு இருப்பது அதனால்தான். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே மாதிரியில் கழகங்களை அமைத்தன.