தகர மூடியும் பள்ளி மைதானமும்



வரலாறு என்றவுடன் முடியும் வாளும், போரும் உடன்படிக்கையும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. சிறுவர் ஆடிய ஆட்டத்திற்கும் வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்து மைதானம் ஒன்றில் தோன்றி மறைந்து, வேறோரிடத்தில் மீண்டும் தோன்றி, இன்று பற்பல நாடுகளில் பள்ளி மைதானங்களுக்கே திரும்பி வந்திருக்கும் ஓர் ஆட்டத்தின் கதையை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

டிஸ்க் கோல்ஃப் என்பது அதன் பெயர். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை மட்டையால் அடித்துக் குழியில் வீழ்த்துவர். இவ்வாட்டத்தில் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டைக் கையால் வீசிக் கூடையில் விழச் செய்வர். தட்டு எங்கே விழுந்ததோ அங்கிருந்தே அடுத்த வீச்சு தொடங்கும். கூடைகள் அனைத்தையும் மிகக் குறைந்த வீச்சுகளில் முடித்தவரே வென்றவர் ஆவர்.

இவ்வாட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த மிகப் பழைய செய்தி 1926ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கனடா நாட்டின் சஸ்காட்செவன் மாநிலத்தில், கோதுமை விளையும் சமவெளியிடையே பிளாட்வொர்த் என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் பயின்ற ரொனால்ட் கிப்சன் என்ற சிறுவனும் அவன் தோழர்களும், பள்ளி மைதானத்தின் மணற்பாங்கான இடங்களில் நான்கடி அகலமுள்ள வட்டங்களை வரைந்தனர். தகர டப்பாக்களின் மூடிகளை எடுத்து அவ்வட்டங்களை நோக்கி எறிந்தனர். ‘தகர மூடிக் கோல்ஃப்’ என்று தம் ஆட்டத்திற்குப் பெயரும் சூட்டினர். விலை கொடுத்து வாங்கிய பொருள் ஏதுமில்லை. வீட்டில் வேண்டாமென்று கழித்த மூடியும், காலடியில் கிடந்த மணலுமே போதுமானவையாய் இருந்தன.

அவ்வாட்டம் என்னவாயிற்று? சிறுவர்கள் வளர்ந்தனர், ஆளுக்கொரு திசையில் பிரிந்தனர், ஆட்டமும் அவர்களோடு நின்றுபோயிற்று. மணலில் வரைந்த வட்டம் ஒரு காற்றுக்குத் தாங்குமா? அடுத்து வந்த மாணவர்க்கு அதனை நினைவூட்ட அம்மைதானத்தில் நிலையாக எதுவும் நிற்கவில்லை. இதனை மனத்திற்கொள்ளுங்கள், பின்னர் மீண்டும் இவ்விடத்திற்கு வருவோம்.

இனி, தட்டின் கதையைச் சிறிது காண்போம். அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட் நகரில், 1871இல் தொடங்கப்பட்ட ஃபிரிஸ்பி என்பாரின் அடுமனை ஒன்று இருந்தது. அங்கே பணியாரம் சுட்டு விற்ற தகரத் தட்டுகளை மாணவர்கள் வீசி விளையாடினர் என்று சொல்வதுண்டு. கலிபோர்னியாவில் ஃபிரெட் மாரிசன் என்ற இளைஞர், ஐந்து சென்ட் விலையுள்ள கேக் தட்டினைக் கடற்கரையில் வீசி ஆடியபோது, அதனை 25 சென்ட்டுக்குக் கேட்டார் ஒருவர். அந்த இலாபக் கணக்கு அவர் சிந்தனையைத் தூண்டிற்று. 1948இல் அவரும் அவர் கூட்டாளியும் பிளாஸ்டிக்கில் தட்டு செய்து விற்றனர். பின்னர் அவர் திருத்தியமைத்த தட்டினை 1957இல் வாம்-ஓ என்னும் நிறுவனம் வாங்கிற்று. அவ்வாண்டே அதற்கு ஃபிரிஸ்பீ என்று பெயரிட்டது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் என்பார், தட்டின் மேற்புறத்தில் வட்ட வட்டமான வரம்புகளை அமைத்து, அது தள்ளாடாமல் பறக்குமாறு செய்தார். சுழலும் பம்பரம் சாயாது நிற்றலைப் போலவே, சுழலும் தட்டும் தன் நிலை குலையாது காற்றில் மிதந்து செல்கின்றது.

தட்டு வந்தது, ஆட்டம் மீண்டும் எவ்வாறு பிறந்தது? 1965இல் கலிபோர்னியாவில் ஜார்ஜ் சாப்பன்ஃபீல்டு என்ற கல்லூரி மாணவர், கோடை விடுமுறையில் சிறுவர்க்கு விளையாட்டுக் கற்பிக்கும் பணியில் இருந்தார். அவர் மைதானத்தில் பிளாஸ்டிக் வளையங்களை இலக்காக வைத்துச் சிறுவர்களைக் கோல்ஃப் முறையில் தட்டெறியச் செய்தார். பிளாட்வொர்த் சிறுவர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டிய தேவையே இல்லை. எறிவதற்குத் தட்டும், எட்டுவதற்கு ஓர் இலக்கும் இருக்குமாயின், இளைஞர் உள்ளம் இவ்வாட்டத்தைத் தானே கண்டுகொள்ளும் போலும்!

1975ஆம் ஆண்டில்தான் இவ்வாட்டத்திற்கு நிலையானதோர் இடம் கிடைத்தது. கலிபோர்னியாவில் ஓக் குரோவ் என்னும் பூங்காவில் ஹெட்ரிக் நிரந்தரமான ஆடுகளம் ஒன்றை அமைத்தார். தொடக்கத்தில் அங்கே வெறுங் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. தட்டு கம்பத்தைத் தொட்டதா, இல்லையா என்ற வழக்கு எழுவதற்கு இடமிருந்தது. கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே கூடை ஒன்றைப் பொருத்தும் முறையை ஹெட்ரிக் உருவாக்கினார். சங்கிலி தட்டின் வேகத்தை வாங்கிக்கொள்ள, தட்டு கூடையில் விழும், வழக்கும் தீரும். இவ்வமைப்பிற்கு 1977இல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஆட்டக்காரர் சங்கம் ஒன்றையும் அவர் நிறுவியிருந்தார். 2002இல் அவர் மறைந்தார். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆடுகளங்கள் உள்ளன.

அங்ஙனமாயின் இவ்வாட்டத்தைக் கண்டவர் யார்? காப்புரிமை ஏட்டைப் பார்ப்போர் ஹெட்ரிக் என்பர். ஆண்டை மட்டும் பார்ப்போர் பிளாட்வொர்த் சிறுவர் என்பர். வரலாறு பயில்வோர் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முதலில் ஆடியவர் ஒருவர்; ஆட்டம் அழியாதபடி அதற்கு இடமும் விதியும் வகுத்தவர் மற்றொருவர். இருவர் புகழும் தனித்தனியே நிற்கத் தக்கன.

அமெரிக்காவிலும், இவ்வாட்டம் பெரிதும் பரவியுள்ள பின்லாந்திலும் பள்ளிகள் பலவற்றில் தொடக்க மாணவர்க்கென ஆடுகளங்கள் உள்ளன. பெரியவர்க்குரிய களத்தில் 18 இலக்குகள் இருப்பது வழக்கம். சிறுவர்க்கு ஒன்பதோ அதனினும் குறைவோ போதும். தூரமும் குறைவாக இருத்தல் வேண்டும். மூன்று வீச்சில் கூடையை எட்டும் சிறுவன் நாளையும் வருவான். பத்து வீச்சிலும் எட்டாதவன் வாரான். ஒரு வழியை மற்றொரு வழி குறுக்கிடலாகாது. வகுப்பறைச் சன்னலும் நடைபாதையும் வீச்சின் திசையில் அமையலாகா. முன்செல்வோர் விலகும்வரை பின்வருவோர் பொறுத்தல் வேண்டும். மரங்களை வெட்ட வேண்டுவதில்லை. அவற்றைச் சுற்றி எறிவதே ஆட்டத்தின் சுவை.

இங்கே என் குறை ஒன்றையும் கூறிவிடுகின்றேன். யான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், இடைவேளையில் சில மாணவர்கள் பெயிண்ட் டப்பாவின் மூடியை வீசி ஆடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவன் கால் ஊனமுற்றவன். கால்பந்திலும் கபடியிலும் எவரும் அவனைச் சேர்த்துக்கொண்டதில்லை. அன்று அவனும் ஆட்டத்தில் இருந்தான். மூடியின் விளிம்பு கண்ணைக் கிழிக்கும் என்று அஞ்சிய யான், அதனைப் பறித்து அலமாரியில் பூட்டினேன். அஞ்சியது தவறன்று. ஆயின், கூரான மூடிக்கு மாற்றாகத் தீங்கற்ற தட்டொன்றைக் கொடுத்து, ஒரு மூலையில் இடமும் ஒதுக்கியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் இடைவேளையில் அம்மாணவன் பழையபடி திண்ணையில் அமர்ந்து மற்றவர் ஆடுவதைப் பார்த்திருந்தான்.

பிளாட்வொர்த் மைதானத்தில் அழிந்தது மணல் வட்டம். என் பள்ளியில் அழிந்தது யான் பூட்டிய மூடி. இளைஞர்களே! உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள். மைதானங்களின் பொறுப்பை ஏற்பீர்கள். சிறுவர் தாமே கண்டெடுத்த ஆட்டம் உங்கள் கண்ணில் படுமாயின், அதன் தீங்கை நீக்கி, அதற்கென ஓரிடம் கொடுங்கள். நடப்பட்ட ஒரு கம்பம், வரைந்தவர் போன பின்னும் அடுத்து வரும் சிறுவனுக்காக அங்கே நிற்கும்.