கல்வெட்டில் இடம்பெறாப் பெயர்கள்

விழுப்புரம் மாவட்டத்தின் வரலாறு என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது செஞ்சிக் கோட்டையே. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் காலப் படைத்தளங்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக அதனை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. பன்னிரண்டனுள் தமிழகத்தில் இருப்பது செஞ்சி ஒன்றே. பெருமைதான். ஆயினும், மலைமேல் எழுந்து நிற்கும் கோட்டைக்கு மட்டுந்தானா வரலாறு? நாம் அன்றாடம் நடந்து செல்லும் தெருவுக்கும், நீர் முகந்த குளத்துக்கும், நம் பாட்டன்மார் துயில்கொள்ளும் கல்லறைத் தோட்டத்துக்கும் வரலாறு இல்லையா?

திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக இன்று விளங்குவது கிடங்கல். அப்பெயரைக் கேட்கும் இளையோருக்கு நெல் மூட்டைகள் அடுக்கிய கிடங்குதான் நினைவுக்கு வரும். கிடங்கு என்னும் பழஞ்சொல்லுக்கோ அகழி என்பது பொருள். சங்க காலத்தில் ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊர் இக்கிடங்கிலே. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, பத்துப்பாட்டில் ஒன்றாக நமக்குக் கிடைத்துள்ளது. கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் என மூன்று புலவர்கள் இவ்வூர்ப் பெயரையே தம் பெயருக்கு முன் தாங்கி நிற்கின்றனர். பேருந்துக்காக நாம் காத்து நிற்கும் ஒரு நகரின் மூலையில் இத்தனை புலமை வாழ்ந்திருக்கிறது!

அரசனின் அரண்மனை இன்று இல்லை. அவன் பெயர் மட்டும் நிலைத்தது எவ்வாறு? யாரோ ஒருவர் ஓலையில் எழுதினார். அவ்வோலை செல்லரிக்குமுன் வேறொருவர் படியெடுத்தார். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களின் கை வழியே வந்த ஏடுகளை ஒப்புநோக்கி, உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றினார். இடையில் ஒரு கை ஓய்ந்திருந்தாலும் கிடங்கிலின் கதை முடிந்திருக்கும்.

அந்தப் பாட்டில் வள்ளலின் கொடை மட்டும் இல்லை. பாணன் வீட்டு வறுமையும் இருக்கிறது. பசியால் மெலிந்த மனைவி குப்பைக் கீரையைக் கொய்து, உப்பும் இன்றி வேகவைத்து, அயலார் கண்டு இகழ்வார்களோ என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள். அரசனின் புகழோடு அந்த அடுக்களையும் நமக்குக் கிடைத்திருப்பது புலவரின் நெஞ்சத்து ஈரத்தால். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது.

ஓலை அழியும், கல் நிலைக்கும் என்று கருதியவன் மகேந்திரவர்மப் பல்லவன். விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிப் பாறையைக் குடைந்து கோயில் அமைத்ததாகக் கல்லிலேயே பொறித்து வைத்தான். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமணத் துறவியின் பெயரைப் பாறை இன்றும் சுமந்து நிற்கிறது. விழுப்புரத்தை அடுத்த எசாலத்தில் 1987இல் கோயில் திருப்பணியின்போது மண்ணிலிருந்து இராசேந்திர சோழனின் செப்பேடுகள் வெளிப்பட்டன. கல்லும் செம்பும் காத்துத் தந்த செல்வங்கள் இவை.

ஆனால் கல்லில் பெயர் பெற்றவர் யார்? ஆண்டவரும், கொடுத்தவரும், துறந்தவரும். ஏரிக்கு மண் சுமந்தவள், பாறையில் உளி பிடித்தவன், பஞ்சத்தில் பிள்ளையைத் தோளில் இட்டு ஊர்விட்டு ஊர் நடந்தவள் ஆகியோரின் பெயர்களை எங்கே தேடுவது?

அத்தகையோருள் பலருடைய பெயர்கள் நம் பங்குகளின் பழைய பேழைகளில் இருக்கின்றன. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் பங்குத்தந்தையர் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டுமென ஆணையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் விதியும், ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்றும், பழைய ஏடுகளைக் கருத்துடன் பேண வேண்டும் என்றும் பணிக்கிறது. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், நாள், ஊர், குருவின் கையொப்பம் என ஒரு பதிவு நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். ஆனால் கூலியாளின் பிள்ளைக்கும் அதே நாலைந்து வரிகள்தாம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சக் காலத்தில், புதுச்சேரி மறைப்பரப்புத் தளத்தில் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். அந்த ஆண்டுகளின் ஏடுகளைப் புரட்டுவோர்க்கு, பஞ்சம் என்பது புள்ளிவிவரமாக இராது. பெயர் பெயராக எழுந்து வரும். 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. இருப்புப் பாதையை நம்பி விழுப்புரத்தில் குடியேறியோர் எங்கிருந்து வந்தனர், யாரோடு மணவுறவு கொண்டனர் என்பதை அறியவும் திருமண ஏட்டைப் போல உதவுவது வேறில்லை.

இந்த ஏடுகள் நம் பெருமையை மட்டும் பேசுவதில்லை. பிரெஞ்சு மறைப்பணியாளர் காலத்துப் பதிவேடுகளில் பெயரோடு சாதியும் எழுதப்பட்டதுண்டு. ஒரே திருமுழுக்குத் தண்ணீர், ஆனால் வேறு வேறு குறிப்பு! சாவிலும் பிரிந்து கிடக்கும் கல்லறைகள் அதே கதையைச் சொல்கின்றன. நகரத்தின் வரலாறும் அப்படியே. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டனர். நல்லியக்கோடனை நினைவுகூரும் ஊர் வரலாறு அப்பன்னிருவரை மறக்குமானால் அது வரலாறன்று, அலங்காரம்.

ஆகவே, நூற்றாண்டு விழாக் காணும் பங்குகள் புதிய கோபுரம் எழுப்புமுன் பழைய ஏட்டைத் திறந்து பார்ப்பது நலம். நம் ஏடுகளுக்குப் பகைவர் கறையானும் ஈரமும் மட்டுமல்லர், நல்லெண்ணமுந்தான். கிழிந்த தாளைப் பசைநாடாவால் ஒட்டுவதும், நெகிழித் தாளுக்குள் வைத்துச் சூடேற்றி மூடுவதும் அதனைக் காப்பதில்லை. மீட்க இயலாதபடி கெடுத்துவிடுகின்றன. ஏட்டை ஈரமும் வெயிலும் படாத இடத்தில் தூய பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். பக்கம் பக்கமாக ஒளிப்படம் எடுத்து ஒரு படியை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கலாம். இன்று வாழ்வோரின் மறைவான செய்திகள் அவற்றில் இருக்கக்கூடும். எனவே அண்மைக்கால ஏடுகளைப் பொதுப் பார்வைக்கு வைத்தல் ஆகாது.

எஞ்சியது அன்பியங்களின் பணி. கல்லறைத் தோட்டத்தைச் சீரமைக்குமுன் ஒவ்வொரு கல்லிலும் உள்ள எழுத்தைப் படியெடுக்கலாம். எண்பது வயதைக் கடந்தோரிடம் அமர்ந்து, தெருவின் பழம்பெயர், தூர்ந்த கிணறு, முதல் கூரைக் கோயில் நின்ற இடம் ஆகியவற்றைக் கேட்டு, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதி வைக்கலாம். கிறிஸ்தவரிடம் மட்டும் கேட்டால் போதாது. ஒரு தெருவின் நினைவு கோயில், பள்ளிவாசல், ஆலயம் மூன்றிலும் பங்கிட்டுக் கிடக்கிறது.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய குருகுலத்தார் சிலர் தலைமுறை அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடினர், காணவில்லை. அதனால் குருத்துவப் பணியினின்று விலக்கப்பட்டனர் என்கிறது எஸ்ரா நூல். பெயர் தொலைந்தால் உரிமையும் தொலையும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத எத்தனையோ ஏழைகளுக்குத் திருமுழுக்குச் சான்றே வயதுக்கும் பெற்றோருக்கும் சாட்சியாக நின்றிருக்கிறது. நாளை ஒரு பேத்தி தன் பாட்டியின் பெயரைத் தேடி நம் பங்கு அலுவலகத்தின் வாயிலுக்கு வருவாள். அவள் கையில் கொடுக்க அந்த ஏடு இருக்க வேண்டும்.