அளவறிந்த கதிர்

நோயை வெல்லும் கருவியே நோயாளியை வருத்துவதும் உண்டு. சிறுவரது மூளைக்கட்டிக்கு அளிக்கப்படும் கதிர்ச்சிகிச்சையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1895 இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1925 இல் அமெரிக்க அறிஞர்களான ஹார்வி குஷிங், பேர்சிவல் பெய்லி ஆகிய இருவரும் சிறுவரின் சிறுமூளையில் தோன்றும் கொடிய கட்டியொன்றை விவரித்து, அதற்கு மெடுல்லோபிளாஸ்டோமா எனப் பெயரிட்டனர். கத்தியால் அகற்றினும் அக்கட்டி மீண்டது. மூளையைச் சூழ்ந்த நீரின் வழியே முண்ணாணுக்கும் பரவிற்று. ஆகவே, மூளை முழுவதற்கும் முண்ணாண் முழுவதற்கும் கதிர் செலுத்துதல் வேண்டும் என்பதை மான்செஸ்டர் நகரத்து எடித் பேற்றர்சன் 1953 இல் எடுத்துக்காட்டினார். 1951 இல் கனடாவில் பயனுக்கு வந்த கோபாற்று-60 பொறி, உடலின் ஆழத்துக்கும் கதிரைச் செலுத்த உதவிற்று. முன்னர் இறந்தொழிந்த பிள்ளைகளுட் பலர் பிழைத்தனர்.

ஆயின், பிழைத்தவர் வளர வளரப் பிறிதொரு துயர் வெளிப்பட்டது. நினைவாற்றலும் கற்கும் விரைவும் குன்றின, உயரம் தடைப்பட்டது, சுரப்பிகள் தளர்ந்தன. வயது குறையக் குறையத் தீங்கு மிகுந்தது. எனவே மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு மருந்துகளை முற்பட அளித்துக் கதிரைப் பிற்படுத்தும் முறை எழுந்தது. ஏனைய சிறுவருள் அபாயம் குறைந்தோர்க்கு, மூளைக்கும் முண்ணாணுக்கும் அளித்த 36 கிரே என்னும் அளவு 23.4 கிரேயாகக் குறைக்கப்பட்டு மருந்துகளுடன் சேர்க்கப்பட்டது. 1999 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இவ்வாறு சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஐந்தாண்டு நோய் மீளாதிருந்தனர்.

இன்னும் குறைக்கலாமோ? மூன்று முதல் ஏழு வயதினர்க்கு 18 கிரே அளித்துப் பார்த்தபோது நோய் மீளுதல் மிகுந்ததென 2021 இல் வெளியான ஆய்வு உணர்த்திற்று. அதே ஆய்வு, மேலதிகக் கதிரைக் கட்டியிருந்த இடத்தளவில் ஒடுக்கினும் பயன் குன்றாதெனவும் காட்டிற்று. கட்டிளமைப் பருவத்தினரிடையே காணப்படும் ஜெர்மினோமா என்னும் கட்டியோ கதிருக்கு எளிதில் இணங்குவது. ஆதலின் அதற்கு வேறு அளவு, வேறு எல்லை. ஒரே அளவு எல்லோர்க்கும் பொருந்தாது என்பதே இவ்வரலாறு கற்பித்த பாடம். குறித்த ஆழத்தில் நின்றுவிடும் புரோத்தன் கதிர்முறை, அப்பால் உள்ள நல்லிழையங்களைக் காப்பது; தென்னாசியாவில் அதற்கான முதல் நிலையம் 2019 இல் சென்னையில் தொடங்கிற்று.

இலங்கையிற் சிறுவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தலையாய இடம் மகரகம வைத்தியசாலையாகும். மூளைக்கும் முண்ணாணுக்குமான சிகிச்சை, வாரத்துக்கு ஐந்து நாளாக ஏறத்தாழ ஆறு வாரம் நீடிப்பது. படுவான்கரையில் வயலையோ வாவியில் வலையையோ நம்பி வாழும் குடும்பமொன்று, ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் அத்தனை நாள் தங்குதல் எளிதன்று. கதிரின் அளவை மட்டுமன்றி, அக்குடும்பம் தாங்கும் அளவையும் அறிதல் மருத்துவத்தின் கடனாம்.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு கடன் உண்டு. காலைத் தலைநோவு, வாந்தி, தள்ளாடும் நடை ஆகியன தொடருமாயின் பிள்ளையைக் காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். சிகிச்சை முடித்து வகுப்புக்கு மீளும் பிள்ளை மெல்லக் கற்பின், அதனைச் சோம்பலெனக் கடிதல் தகாது. அது உயிர் காத்த கதிரின் விலை. அவ்விலையைக் குறைக்க மருத்துவர் எழுபது ஆண்டு முயன்றனர். எஞ்சியதைப் பள்ளி பொறுமையாற் குறைத்தல் கூடும்.