பித்தளையும் பெட்டியும்

பதுளை மலைத் தோட்டங்களில் கொம்போ எக்காளமோ வைத்திருப்பவர், அது அடிபட்டு நசுங்காதிருக்கவே பெட்டி தேடுவர். பித்தளைக்கு அடியினும் கொடிய பகை ஒன்று உண்டு. அதனை முதலில் உணர்த்தியவை போர்த் தோட்டாக்கள்.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே கீறிப் பிளந்தன. காரணம் 1921ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. சிறுநீரினின்று எழும் அமோனியா ஆவி, ஈரத்துடன் கூடி, குளிர்ந்த நிலையில் இழுத்தும் தட்டியும் உருவாக்கிய பித்தளையைப் பிளக்கிறது. தகடு தட்டிச் செய்த கொம்பும் அத்தகையதே. ஆதலின், வடகீழ்ப் பருவமழை பொழியும் ஊவாவில், மாட்டுத் தொழுவத்தை அடுத்துத் தொங்கும் பை எத்துணை தடித்ததாயினும் காவல் ஆகாது.

இதற்குரிய வழியைத் தேயிலையே காட்டியது. 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய புகைவண்டி சுமந்து சென்ற தேயிலைப் பெட்டிகளின் உட்புறம் உலோகத் தகடு வேய்ந்திருந்தனர். முற்காலத்தில் ஈயம், பிற்காலத்தில் அலுமினியம். வெளி ஈரத்தை அது தடுத்தது. எனினும் நன்கு உலர்த்திய பின்னரே தேயிலையைப் பெட்டியில் இட்டனர். ஈரத்தோடு மூடினால் அத்தகடே ஈரத்தைச் சிறைப்படுத்தும்.

கொம்புக்கும் அதுவே முறை. ஊதி முடித்ததும் உள்ளீரத்தைத் துடைத்து உலர்த்துதல் வேண்டும். பின்னர், அசையாது பொருந்தும் பெட்டியில் இட்டு, தொழுவத்திற்கு எட்டத்தில் வைத்தல் வேண்டும்.