ஒளியிழை நிலையங்களில் இரட்டை மின்வழி: ஒரு வரலாறு

தொலைபேசியின் தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக் கருவிக்கும் அருகிலேயே தனி மின்கலம் வைக்கப்பட்டிருந்தது. 1890களில் அமெரிக்காவில் பரவிய பொது மின்கல முறை அவற்றை அகற்றி, இணைப்பகத்தில் இருந்த மின்கல அடுக்கிலிருந்தே சந்தாதாரரின் கம்பி வழியாக மின்னோட்டத்தை அனுப்பியது. முதலில் 24 வோல்ட்டாக இருந்த மின்னழுத்தம், கம்பிகள் நீண்டு தானியங்கிக் கருவிகளும் பெருகியபோது 48 வோல்ட்டாக உயர்ந்து நிலைத்தது. ஈய அமில மின்கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் தருவதால் 24 கலங்களின் தொடர் இதற்குப் போதுமானதாக இருந்ததோடு, பணியாளர் கைபட்டாலும் பெருந்தீங்கு நேராத எல்லைக்குள்ளும் அது அடங்கியது. நிலத்தைவிட நேர் அழுத்தத்தில் இருக்கும் செம்புக் கம்பி ஈரம் பட்ட இடங்களில் மின்னாற்பகுப்பால் அரிக்கப்படும் என்பதால், மின்கலத்தின் நேர்முனை நிலத்தோடு இணைக்கப்பட்டு, கம்பி எதிர் அழுத்தத்தில் வைக்கப்பட்டது. மைனஸ் 48 வோல்ட் என்னும் வழக்கு இவ்வாறு உருவானது.

மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றும் ரெக்டிஃபையர்கள் கருவிகளுக்கு மின்சாரம் அளித்துக்கொண்டே மின்கலங்களையும் 54 வோல்ட் அளவில் நிரப்பிவைத்தன. மின்கலம் எப்போதும் சுமையோடு இணைந்தே இருந்ததால், ஊர் மின்சாரம் நின்றாலும் நொடிப்பொழுது இடைவெளிகூட நேரவில்லை. 1977இல் சிகாகோவில் தொலைபேசி உரையாடல்களை ஒளியிழை சுமக்கத் தொடங்கியபோது, ஒளிக்கருவிகளும் இணைப்பகக் கட்டடங்களிலேயே இடம்பெற்று, அங்கிருந்த மின்னமைப்பையே பயன்படுத்திக்கொண்டன. அரிப்பைத் தவிர்க்கும் தேவை கண்ணாடி இழைக்கு இல்லாதபோதும் எதிர் அழுத்த வழக்கு தொடர்ந்தது.

செம்புக் கம்பி ஒன்று அறுந்தால் ஒரு வீடு மட்டும் துண்டிக்கப்படும். பல அலைநீளங்களை ஒரே இழையில் செலுத்தும் முறை 1990களில் பரவியபின் ஓர் அடுக்குச் சட்டம் அணைவது ஒரு நகரத்தின் போக்குவரத்தையே பாதிக்கக்கூடியதாயிற்று. ஆகவே ஏ, பி எனப்படும் இரு மின்வழிகள், தனித்தனி உருகியும் கேபிளும் கொண்டு, ஒவ்வொன்றும் முழுச் சுமையைத் தாங்கும் அளவில் அமைக்கப்பட்டன. ஒன்றின் பழுது மற்றதை இழுத்துவிடாதபடி மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடுகள் தடுத்தன. மின்கலம் வடியும்போது அழுத்தம் குறைய, கருவி எடுக்கும் மின்னோட்டம் கூடுகிறது: 3,000 வாட் சுமைக்கு 54 வோல்ட்டில் ஏறத்தாழ 56 ஆம்பியர் போதுமெனில், 42 வோல்ட்டில் 71 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். கேபிளின் பருமனும் உருகியின் அளவும் இந்தக் கடைசி நிலையைக் கொண்டே கணிக்கப்படுகின்றன.

இரு வழிகளும் ஒரே மின்கல அடுக்கிலிருந்து பிரியும்போது இவ்வேற்பாட்டின் பாதுகாப்பு கேபிள், உருகி ஆகியவற்றின் பழுதுகளோடு நின்றுவிடுகிறது. 1991 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் தாமஸ் தெருவில் இருந்த ஏடி&டி நிலையம் ஊர் மின்சாரத்திலிருந்து சொந்த மின்னாக்கிக்கு மாறியபோது ரெக்டிஃபையர்கள் செயலிழந்தன; எச்சரிக்கை மணிகளை எவரும் கவனிக்காததால் மின்கலங்கள் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் வடிந்து தீர்ந்தன. நெடுந்தொலைவு அழைப்புகள் தடைபட்டன. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு இணைப்புகளும் துண்டிக்கப்பட்டதால் அந்நகர விமான நிலையங்கள் முடங்கின. வழிகளை இரட்டிப்பதோடு ரெக்டிஃபையரையும் மின்கலத்தையும் தனித்தனித் தொகுதிகளாகப் பிரிப்பதும், ஒவ்வொரு தொகுதியின் அழுத்தத்தையும் தொலைவிலிருந்து இடைவிடாது கண்காணிப்பதும் எத்துணை இன்றியமையாதவை என்பதை இந்நிகழ்வு எடுத்துக்காட்டியது.