ஜீவனஹள்ளி: வாடகைச் சட்டங்கள்

ஜீவனஹள்ளி, கிழக்கு பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டிய குடியிருப்புப் பகுதி. இங்குள்ள வாடகை வீடுகளுக்கும் மாநிலச் சட்டமே பொருந்தும். 1961-ஆம் ஆண்டு கர்நாடக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2001 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் அச்சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. இன்று நகரில் சிறு வீட்டுக்கே அதைவிட அதிகம் கேட்கிறார்கள். ஏழைக் குடித்தனக்காரரும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்பதே இதன் பெருங்குறை. அப்படிப் பாதுகாப்பின்றி மாத வாடகைக்கு இருப்பவரை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸில் காலிசெய்யச் சொல்லலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தாக வேண்டும் என்பதால் முத்திரைத்தாள் ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்கே எழுதப்படுகின்றன. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பெங்களூரின் பழைய வழக்கம். ஒன்றிய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் வீடுகளுக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது.